யானைத் திருக்கை

சேலம் நகருக்கு வடக்கே எழுந்து நிற்பது சேர்வராயன் மலைத்தொடர். அதன்மேல், கடல் மட்டத்திற்கு ஏறத்தாழ 5,000 அடி உயரத்தில் அமைந்துள்ளது ஏற்காடு. ஏரியும் காடும் சேர்ந்தே அவ்வூருக்குப் பெயர் தந்தன என்பர். காப்பித் தோட்டங்களும் ஆரஞ்சு மரங்களும் சூழ்ந்த அவ்வூரில் பிறந்து வளரும் சிறுவன் ஒருவன், கடலைக் காணாமலே தன் பள்ளிப் படிப்பை முடித்துவிடக் கூடும். ஆயினும், அவன் ஊரில் பெய்யும் மழைக்குக் கடல் புதியதன்று. அம்மலைத்தொடரில் தோன்றும் திருமணிமுத்தாறு சேலத்தின் ஊடே ஓடிக் காவிரியை அடைகிறது. வடபுறத்து வாணியாறு தென்பெண்ணையைச் சேர்கிறது. இரண்டும் இறுதியில் நாடுவது வங்கக் கடலையே. வெள்ளப் பெருக்கில் செந்நிறமாய் ஓடும் அந்நீர் வெறுங்கையோடு செல்வதில்லை. மலை மண்ணின் உப்பையும் உரத்தையும் வாரிக்கொண்டே செல்கிறது.

ஆறுகள் கொண்டுவரும் இச்சத்தும், கடலின் அடியிலிருந்து நீரோட்டங்கள் மேலே கொணரும் சத்தும் ஞாயிற்றின் ஒளியோடு கூடும் இடங்களில், கடலின் மேற்பரப்பில் ஒரு பெரும் விளைச்சல் நிகழ்கிறது. அதனை வெறுங்கண்ணாற் காண்பது அரிது. ஒரு குவளை நீரில் ஆயிரக்கணக்கில் அடங்கத்தக்க நுண்ணிய பாசிகளே அவ்விளைச்சல். அவற்றைத் தின்று வாழ்வன கடுகினும் சிறிய, இறால் போன்ற உயிர்கள். மீன்களின் முட்டைகளும் நண்டுகளின் இளங்குஞ்சுகளும் அவற்றோடு கலந்து திரியும். நீரோட்டத்தை எதிர்த்து நீந்தும் ஆற்றல் இவற்றுக்கு இல்லை. நீர் போகும் போக்கில் மிதந்து செல்வதால் இவற்றை மிதவையுயிர்கள் என்று அறிஞர் வழங்குவர். நிலத்திற்குப் புல் எவ்வாறோ, கடலுக்கு மிதவையுயிர் அவ்வாறு.

சிறு மீன் மிதவையுயிரைத் தின்னும். பெரு மீன் சிறு மீனைத் தின்னும். இஃது எவரும் எதிர்பார்க்கும் முறையே. ஆனால், கடலில் மிகப் பெரிய உடல் படைத்தவை சில இப்படிகளையெல்லாம் தாண்டி, நேரே அச்சிற்றுயிர்களையே உண்டு வாழ்கின்றன. விலங்குகளிற் பெரியதாகிய நீலத் திமிங்கிலம் அத்தகையது. மீன்களிற் பெரியதும், தமிழ்நாட்டுக் கடற்கரை மக்கள் அம்மணி உழுவை என்று வழங்குவதுமான திமிங்கிலச் சுறாவும் அத்தகையது. இவற்றோடு சேர்த்து எண்ணத்தக்கது யானைத் திருக்கை. யானைப் பசிக்குச் சோளப்பொரி போதாது என்பது நாட்டு வழக்கு. கடலிலோ, சோளப்பொரியினும் ஆயிரம் மடங்கு சிறிய உணவைக் கொண்டே யானைகள் வயிறு நிரப்பிக் கொள்கின்றன.

திருக்கை என்பது சுறாவின் உறவுமீன். சுறாவைப் போலவே அதற்கும் எலும்பு இல்லை. உடலைத் தாங்குவது குருத்தெலும்பே. தட்டையான உடலும், இருபுறமும் விரிந்த சிறகு போன்ற துடுப்புகளும், பின்னே நீண்ட வாலும் திருக்கை இனத்தின் பொது அடையாளங்கள். பெரும்பாலான திருக்கைகள் கடலடி மணலிற் பதுங்கிக் கிடப்பன. யானைத் திருக்கை அவ்வாறு படுத்துக் கிடப்பதில்லை. ஓயாமல் முன்னோக்கி நீந்திக்கொண்டிருந்தால்தான் அதன் செவுள்களின் வழியே நீர் பாய்ந்து மூச்சு நடைபெறும். ஆகவே, பிறந்தது முதல் இறக்கும் வரை அதற்கு நின்று இளைப்பாறும் பேறு இல்லை. பறவை சிறகடிப்பது போல் தன் துடுப்புகளை மெல்ல உயர்த்தித் தாழ்த்தி நீரிற் பறந்துகொண்டே இருக்கிறது.

அதன் தலையின் முன்னே இரண்டு மடல்கள் நீண்டிருக்கும். நீந்தும்போது அவற்றைச் சுருட்டி வைத்துக்கொள்ளும். அப்போது அவை கொம்புகள் போலத் தோன்றும். இது பற்றியே இவ்வினத்தைக் கொம்புத் திருக்கை என்றும், உருவத்திற் பெரியதை யானைத் திருக்கை என்றும் தமிழக மீனவர் அழைக்கின்றனர். மேலை நாட்டார் சூட்டிய பெயர் மாண்டா. இந்தியப் பெருங்கடலில் வாழும் மாண்டாக்கள் இரு வகை. பவளப் பாறைகளைச் சார்ந்து வாழும் வகை பெரும்பாலும் பத்துப் பன்னிரண்டு அடி அகலம் உடையது. அதன் உச்ச அளவு ஏறத்தாழ 16 அடி. ஆழ்கடலில் நெடுந்தொலைவு அலையும் மற்றொரு வகை 20 அடிக்கு மேலும் அகன்று, ஒரு டன்னுக்கு மேல் எடை கொள்ளும். இவ்விரண்டும் ஒரே மீன் என்றே நெடுங்காலம் எண்ணப்பட்டு வந்தது; 2009-ஆம் ஆண்டிலேதான் இவை வெவ்வேறு இனங்கள் எனத் தெளிவாயிற்று. யானையளவு உருவம் படைத்த ஓர் உயிரைப் பற்றி அறிவியல் உலகம் இவ்வளவு காலந்தாழ்த்து அறிந்தது வியப்பே.

உணவு நிறைந்த நீரை அடைந்தவுடன் மாண்டா தன் கொம்புகளை விரிக்கிறது. அவை அகன்ற மடல்களாகி, நீரை வாய்க்குள் செலுத்தும் புனல் போல் அமைகின்றன. வாயினுள் புகுந்த நீர் ஐந்து இணைச் செவுள்களின் வழியாக வெளியேற, மிதவையுயிர்கள் மட்டும் உள்ளே தங்குகின்றன. இதனைக் கேட்பவர்க்குக் காப்பி வடிகட்டி நினைவுக்கு வரும். ஆனால், வடிகட்டியின் துளைகளைத் தூள் விரைவில் அடைத்துவிடும். நாள்தோறும் கழுவினாலன்றி அது பயன்படாது. மாண்டாவின் வடிகட்டி அடைபடுவதே இல்லை. இதன் காரணம் 2018-ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆராய்ச்சியால் விளங்கிற்று. செவுள்களின் உட்புறத்தில் சிறு மடல்கள் வரிசை வரிசையாய்ச் சாய்ந்து நிற்கின்றன. நீர் அம்மடல்களின் இடுக்குகளிலே திரும்பி வெளியேறுகிறது. நீரோடு வரும் உணவுத் துகள்கள் மடல்களின்மேல் மோதி, துள்ளி எழுந்து, தொண்டையை நோக்கிச் செல்லும் ஓட்டத்தில் மீண்டும் கலந்துவிடுகின்றன. இடுக்கைவிடச் சிறிய துகள்கூட இவ்வாறு தப்பாமல் உள்ளே சேர்கிறது. அடைபடாத வடிகட்டி ஒன்றைச் செய்ய விழையும் பொறியியல் வல்லுநர்க்கு இம்மீனின் வாய் ஒரு பாடநூல் ஆயிற்று.

இத்தகைய சாதுவான உயிரை மக்கள் பேய்மீன் என்று அஞ்சியது ஏன்? கொம்பு ஒரு காரணம். கரிய பெரிய உருவம் மற்றொரு காரணம். உறவுமீன்கள் ஈட்டிய கெட்ட பெயரும் சேர்ந்துகொண்டது. மணலிற் கிடக்கும் திருக்கைகள் பலவற்றின் வாலில் நஞ்சுடைய முள் உண்டு. அறியாது மிதித்தவன் அதன் வேதனையை மறவான். காய்ந்த திருக்கை வாலைச் சவுக்காகப் பயன்படுத்தியதும் கடற்கரை ஊர்கள் அறிந்ததே. மாண்டாவின் வாலிலோ கொட்டும் முள் இல்லை. ஆயினும், குற்றம் செய்தவனின் குலத்தார் அனைவரையும் ஐயுறுவது போல் அதனையும் மக்கள் ஐயுற்றனர். பனாமாக் கடலில் முத்தெடுத்த மூழ்காளர்கள், இம்மீன் தம்மீது கம்பளம் போலப் போர்த்து அழுத்திக் கொன்றுவிடும் என்று நம்பினர். மாண்டா என்ற ஸ்பானியச் சொல்லுக்குப் போர்வை என்பதே பொருள். நங்கூரக் கயிறு கொம்பிலே சிக்கிக்கொள்ள, வெருண்ட மாண்டா படகையே இழுத்துக்கொண்டு ஓடிய நிகழ்ச்சிகளும் அச்சத்தை வளர்த்தன. உண்மையில் அங்கு அஞ்சி ஓடியது மீனே.

கடலுக்கடியில் மனிதன் இறங்கும் தொழில் தமிழ்நாட்டிற்கு மிகப் பழையது. பாண்டியரின் கொற்கைத் துறை முத்தினாற் புகழ் பெற்றது. பின்னர் அத்தொழில் தூத்துக்குடியைத் தலைமையிடமாகக் கொண்டது. முத்துச் சிப்பிகள் விளையும் கடலடிப் பாறைகளைப் பார் என்பர். அவை பெரும்பாலும் முப்பது முதல் அறுபது அடி ஆழத்தில் உள்ளன. மூழ்குபவர் கயிற்றிற் கட்டிய கல்லொன்றில் காலை ஊன்றி நிற்பார். கயிற்றைத் தளர்த்தியதும் கல் அவரை விரைந்து அடியிற் சேர்க்கும். கழுத்திலோ இடுப்பிலோ தொங்கும் வலைப்பையில் சிப்பிகளை வாரி நிரப்பிக்கொண்டு, கயிற்றை அசைப்பார். படகில் இருப்பவர் அவரை மேலே இழுத்துக்கொள்வார். இவ்வளவும் ஏறத்தாழ ஒரு நிமிடத்தில் முடிய வேண்டும். மூழ்குபவரின் உயிர் படகில் கயிறு பிடிப்பவரின் கையில் இருந்தது. சுறாவின் வாயைக் கட்டுவதற்கென்று மந்திரம் ஓதுவோரும் படகுகளோடு சென்றனர். பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் இக்கடற்கரைக்கு வந்த மார்க்கோ போலோ அவர்களைப் பற்றி எழுதியுள்ளார். முத்தெடுத்தலில் இருபதில் ஒரு பங்கு அவர்களுக்குக் கூலியாம்! சிப்பி வளம் குன்றியதால் தூத்துக்குடி முத்துக்குளிப்பு 1961-ஆம் ஆண்டோடு நின்றுபோயிற்று. சங்கு குளித்தல் அதன் பின்னும் நடைபெறுகிறது.

அம்மூழ்காளர் திருக்கைகளையும் சுறாக்களையும் நிழலுருவமாகவே கண்டனர். காரணம், அவர்தம் கண்களின்மீது நீர் நேரே படிந்திருந்தது. மனிதக் கண் காற்றின் வழியே வரும் ஒளியை வளைத்துக் காணும்படி அமைந்தது. நீர் கண்ணைத் தொட்டவுடன் அவ்வளைவு குறைந்து, காட்சி கலங்கிவிடும். முகத்தில் கண்ணாடி மூடியொன்றை அணிந்து, கண்ணுக்கும் நீருக்கும் இடையே சிறிதளவு காற்றை நிறுத்திவிட்டால் அனைத்தும் தெளிவாகும். எனினும், நீரிலிருந்து கண்ணாடிக்குள் வரும் ஒளி சற்றே வளைவதால் பொருள்கள் மூன்றில் ஒரு பங்கு பெருத்தும் கிட்டத்தில் இருப்பன போலவும் தோன்றும். பன்னிரண்டு அடி மாண்டாவைக் கண்டவர் பதினாறு அடி என்று சாதிப்பாராயின், அவர் பொய் கூறுகிறார் என்று கொள்ளலாகாது. கேட்பவர் மனத்திற்குள் கழித்துக்கொள்வதே முறை.

கண்ணாடி மூடியோடு வளைந்த மூச்சுக்குழல் ஒன்றும் சேர்ந்தால், முகத்தை நீரில் அமிழ்த்தியபடியே நெடுநேரம் மிதந்து கடலின் உள்ளே நோக்கலாம். இக்குழல் ஓரடியினும் சற்றே நீளமாயிருக்கும். இன்னும் நீளமான குழலைக்கொண்டு ஆழத்தில் அமர்ந்து மூச்சு விடலாகாதோ என்று கேட்கலாம். பகைவர்க்கு அஞ்சிய வீரன் நாணற் குழாயை வாயில் வைத்துக் குளத்தின் அடியிலே பகல் முழுதும் ஒளிந்திருந்தான் என்னும் கதைகள் பல நாடுகளில் உண்டு. கதைக்குப் பொருந்துவது உடலுக்குப் பொருந்துவதில்லை. மூன்றடி ஆழத்திலேயே நீரின் பளு மார்பை நெருக்கத் தொடங்கும். மேலேயிருந்து காற்றை இழுத்துக்கொள்ள மூச்சுத் தசைகள் படாதபாடு படும். அதனினும் ஆழத்தில் அவை தோற்றுப்போகும்.

இத்தடையை நீக்கியது 1943-ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டில் கூஸ்தோ என்ற கடற்படை அதிகாரியும் காஞான் என்ற பொறியாளரும் அமைத்த கருவி. அழுத்தி அடைத்த காற்றுக் கலத்தை முதுகிற் சுமந்து செல்ல, அதனோடு இணைந்த ஓர் அடைப்பான், எந்த ஆழத்தில் நீரின் அழுத்தம் எவ்வளவோ அவ்வளவு அழுத்தமுள்ள காற்றையே வாய்க்கு அளிக்கிறது. மார்பின் உள்ளும் புறமும் அழுத்தம் ஒத்துவிடுவதால் மூச்சு எளிதாகிறது. ஆனால், இவ்வசதியோடு ஓர் இடரும் வந்தது. முப்பத்து மூன்றடி ஆழத்தில் நீரும் வானக் காற்றும் சேர்ந்து தரும் அழுத்தம் தரையில் உள்ளதைப்போல் இரு மடங்கு. அங்கே நுரையீரல் நிறைய வாங்கிய காற்று, மேற்பரப்பை அடையும்போது இரு மடங்காக விரியும். மூச்சை அடக்கிக்கொண்டு மேலேறுபவனின் நுரையீரல் கிழிந்துபோகும். முத்துக்குளிப்பவர் மூச்சை அடக்காவிடில் இறப்பர். காற்றுக் கலத்தோடு மூழ்குபவரோ மூச்சை அடக்கினால் இறப்பர். ஒரே கடலில் இரு தொழில்களுக்கு இரு நேர்மாறான விதிகள் அமைந்தமை கருதத்தக்கது. மேலும், ஆழத்தில் நெடுநேரம் தங்கினால் காற்றிலுள்ள நைட்ரசன் குருதியிற் கரைந்துவிடும். விரைந்து மேலே வந்தால், மூடி திறந்த சோடாப் புட்டியிற் போல அது உடலினுள் குமிழிகளாய்ப் பொங்கும். ஆதலால், பயிற்சி பெற்றவர் மெல்ல மெல்ல மேலேறுவர்.

இக்கருவிகளின் துணையால் மனிதன் மாண்டாவை அதன் வீட்டிலேயே சென்று பார்த்தான். 1950-ஆம் ஆண்டளவில் ஆஸ்திரிய நாட்டு ஹான்ஸ் ஹாஸ் செங்கடலில் மூழ்கி இம்மீனைப் படம் பிடித்தார். பேய்மீன் எவரையும் போர்த்திக் கொல்லவில்லை. வந்தவரை ஒரு கண்ணால் நோக்கிவிட்டுத் தன் வழியே சென்றது. அவ்வாறு நோக்குவது வெறும் விழிப்பு மட்டுமன்று என்று இன்று எண்ணப்படுகிறது. மீன்கள் எல்லாவற்றினும் பெரிய மூளை உடையது மாண்டாவே. மனிதர் நீருக்குள் இறங்கும்போது அதுவே வலிய அருகில் வந்து, தலைக்குமேல் வட்டமிட்டுச் செல்வதும் உண்டு.

மாண்டாக்களைக் காண்பதற்கு உலகெங்கிலுமிருந்து மக்கள் செல்லும் இடங்களுள் தலைசிறந்தது, தமிழ்நாட்டிற்குத் தென்மேற்கே இந்தியப் பெருங்கடலில் உள்ள மாலத்தீவு நாடு. தூத்துக்குடித் தோணிகள் காய்கறியும் கட்டடப் பொருள்களும் ஏற்றிச் செல்லும் நாடு அது. ஏறத்தாழ 1,200 சிறு தீவுகள் வட்டம் வட்டமாய் அமைந்து, வடக்கிலிருந்து தெற்கே நீண்ட மாலைபோற் கிடக்கின்றன. அவ்வட்டங்களை அடோல் என்பர். ஆங்கிலம் முதலிய மொழிகளுக்கு இச்சொல்லை ஈந்தது மாலத்தீவு மொழியே. அங்கே மாண்டாவின் வாழ்வை நடத்துவது பருவக்காற்று. ஏற்காட்டு மலையின்மேல் ஆடி மாதத்தில் சாரலைப் பொழியும் அதே தென்மேற்குப் பருவக்காற்று, அதற்கு முன்பே மாலத்தீவுக் கடலை மேற்கிலிருந்து கிழக்கே தள்ளிக்கொண்டிருக்கும். ஓடும் நீர் தீவுத் தொடரில் மோதி, இடைவழிகளிற் புகுந்து, மறுபுறம் சுழலும்போது அடியாழத்துச் சத்துநீர் மேலே எழும். அங்கே மிதவையுயிர்கள் பெருகும். ஆகவே, அம்மாதங்களில் மாண்டாக்கள் கிழக்குப் பக்கத்தில் கூடுகின்றன. காற்று மாறி வடகிழக்குப் பருவம் தொடங்கினால் விளைச்சல் மேற்குப் பக்கத்திற்கு மாறும். மாண்டாக்களும் இடம் பெயரும். மழையைப் பார்த்து ஏர் பூட்டும் உழவனைப்போல் அவை காற்றைப் பார்த்துக் குடிபெயர்கின்றன.

பா அடோலில் ஹனிபாரு என்னும் சிறு குடா ஒன்று உண்டு. பரப்பில் அது ஒரு கால்பந்துத் திடலுக்கு மேல் பெரிதன்று. தென்மேற்குப் பருவத்தில், முழுநிலாவும் அமாவாசையும் அடுத்து வரும் நாள்களில் கடல் ஏற்றம் வலுவாயிருக்கும். அவ்வேற்றம் மிதவையுயிர்களைக் குடாவினுள் அடித்துச் சேர்க்கும்; வெளியேற வழியின்றி அவை அங்கே திரண்டு நீரையே கலங்கச் செய்யும். அந்நாளில் மாண்டாக்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேர்கின்றன. முதலில் ஒன்றன் வாலை ஒன்று தொடர்ந்து வரிசையாய் நீந்தி உண்ணும். கூட்டம் பெருகியதும் வரிசையின் தலைவன் கடைசி மீனின் பின்னே வந்துசேர, வரிசை வளையமாகும். வளையம் பல அடுக்காகிச் சுழலும்போது, நீரே சுழன்று உணவை நடுவே திரட்டுகிறது. ஒரு வேளையில் நூற்றுக்கும் மேற்பட்ட மாண்டாக்கள் அச்சிறு குடாவிற் கூடியதுண்டு. இத்தனை பெரிய உடல்கள் இத்தனை நெருக்கத்தில் சுழன்றும் ஒன்றோடொன்று முட்டிக்கொள்வது அரிது.

உணவுக்காலம் அல்லாத வேளையில் மாண்டாவைக் காண வேண்டின், பவளப் பாறைகளின் சில திட்டுகளுக்குச் செல்ல வேண்டும். அங்கே விரல் நீளமுள்ள சிறு மீன்கள் முடிதிருத்தகம் வைத்து நடத்துவது போல் காத்திருக்கும். மாண்டா வந்து திட்டின்மேல் வேகம் தணிந்து வட்டமிடும். சிறு மீன்கள் அதன் உடலில் ஒட்டியுள்ள நுண்ணொட்டுண்ணிகளையும் புண்ணின் சிதைந்த தோலையும் கொத்தித் தின்னும்; வாயினுள்ளும் செவுளினுள்ளும் அஞ்சாமற் புகுந்து வரும். ஒருவர்க்குத் தூய்மை, மற்றவர்க்கு உணவு. கூலிப் பூசல் எழுவதில்லை. ஒரே திட்டுக்கு ஒரே மாண்டா ஆண்டுக்கணக்கில் மீண்டும் மீண்டும் வருவதை ஆராய்ச்சியாளர் கண்டுள்ளனர். கண்டது அதே மீன்தான் என்பதை எவ்வாறு அறிந்தனர்? மாண்டாவின் வெண்ணிற வயிற்றில் கரும்புள்ளிகள் உண்டு. மனிதனின் கைவிரல் ரேகையைப் போல் அவை மீனுக்கு மீன் வேறுபடும். ஆயுள் முழுதும் மாறா. மாலத்தீவில் 2005-ஆம் ஆண்டில் தொடங்கிய ஆராய்ச்சிக் குழு ஒன்று இப்புள்ளிகளின் படங்களைக் கொண்டே ஏறத்தாழ 5,000 மாண்டாக்களுக்குப் பதிவேடு அமைத்தது. விருந்தினராய்ச் சென்று நீந்தியவர்கள் எடுத்த படங்களும் அப்பதிவேட்டுக்குப் பயன்பட்டன.

மாண்டாவைக் காணச் செல்பவர்க்குச் சில நெறிகள் விதிக்கப்பட்டுள்ளன. அதனைத் துரத்தலாகாது, பத்தடி தொலைவிலே அசையாது மிதந்தால், விரும்பினால் அதுவே அருகில் வரும். தொடுதல் கூடவே கூடாது. மாண்டாவின் உடலை ஒரு வழுவழுப்பான பூச்சு நோயினின்று காக்கிறது. மனிதக் கை பட்டால் அது கலைந்துவிடும். ஹனிபாரு குடா 2009-ஆம் ஆண்டில் காப்பிடமாக்கப்பட்டது. காற்றுக் கலத்தோடு மூழ்குபவர் விடும் குமிழிகள் மீன்களின் உணவுக்கு இடையூறு செய்ததால், 2012-ஆம் ஆண்டு முதல் அங்கே அவ்வாறு மூழ்குதல் விலக்கப்பட்டு, மூச்சுக்குழலோடு மிதத்தல் மட்டுமே ஒப்பப்பட்டது. ஒரே வேளையில் எண்பது பேருக்கு மேல் நீரில் இறங்கலாகாது. ஒருவர் 45 நிமிடத்திற்கு மேல் தங்கலாகாது என்றும் விதி செய்தனர். வந்தவர் அனைவரும் விரும்பியபடி நீந்தினால், காண வந்த பொருளே அங்கிராது என்பதை அத்தீவினர் நேரில் கண்டறிந்தே இவ்விதிகளை இயற்றினர்.

இவ்வளவு காவல் எதற்கு என்பதற்கு மாண்டாவின் பிள்ளைப்பேறே விடை. முத்துச் சிப்பி ஒன்று ஒரு பருவத்தில் இலட்சக்கணக்கான முட்டைகளை இடும். அவற்றில் பெரும்பகுதி அழிந்தாலும் இனம் பிழைக்கும். மாண்டா முட்டையிட்டுவிட்டுச் செல்வதில்லை. ஓராண்டிற்கும் மேலாகச் சூல்கொண்டு, ஒரே ஒரு குட்டியை ஈனுகிறது. இரட்டை அரிது. பிறக்கும்போதே அக்குட்டி நான்கைந்து அடி அகலம் உடையதாய்த் தானே நீந்திச் சென்றுவிடும். அடுத்த குட்டிக்கு இரண்டு முதல் ஐந்து ஆண்டுகள், சில வேளை அதற்கு மேலும் ஆகும். நாற்பது ஆண்டு வாழும் ஒரு தாய் தன் வாழ்நாளில் ஈனும் குட்டிகளைக் கைவிரல்களாலேயே எண்ணிவிடலாம். ஒரு பருவத்தில் ஒரு மீன்பிடித்துறையில் ஐம்பது மாண்டாக்கள் கொல்லப்பட்டால், அவ்விழப்பை ஈடுசெய்ய ஒரு தலைமுறை கூடப் போதாமற் போகலாம்.

முற்காலத்தில் இதன் இறைச்சிக்குப் பெருமதிப்பு இருந்ததில்லை. கருவாடாகவே பெரும்பாலும் விற்கப்பட்டது. அண்மைப் பத்தாண்டுகளில் நிலைமை மாறிற்று. எந்தச் செவுள் மடல்கள் அதற்கு உணவூட்டினவோ, அவையே அதற்குக் கூற்றுவனாயின. உலர்த்திய செவுள் மடல்கள் குருதியைத் தூய்மைப்படுத்தும் மருந்து என்று சீன நகரங்கள் சிலவற்றில் விற்கப்படலாயின. அதற்கு மருத்துவச் சான்று ஏதும் இல்லை. பழைய சீன மருத்துவ நூல்களில் அதற்கு இடம் இருந்ததாகவும் தெரியவில்லை. எனினும், விலை ஏறியது, வேட்டையும் பெருகியது. 2013-ஆம் ஆண்டில் பாங்காக்கில் கூடிய பன்னாட்டு உயிரின வணிக மாநாடு மாண்டாவை வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலிற் சேர்த்தது. மாலத்தீவு 2014-ஆம் ஆண்டில் எல்லாத் திருக்கைகளுக்கும் சட்டக் காப்பு அளித்தது. 2020-ஆம் ஆண்டில் பெரிய மாண்டா அழிவை நோக்கியுள்ள இனங்களின் வரிசையில் வைக்கப்பட்டது.

மாலத்தீவினர்க்கு அச்சட்டம் அறச்செயல் மட்டுமன்று, கணக்கும் அதுவே. அங்கே 2006 முதல் 2008 வரை நடந்த ஆய்வொன்று, மாண்டாக்களைக் காண மூழ்குவோரும் மிதப்போரும் ஆண்டுதோறும் 81 இலட்சம் அமெரிக்க டாலர் நேர்வருவாய் தந்ததாகக் கணித்தது. கொன்ற மீன் ஒருநாள் விலைபோகும். உயிருள்ள மீனோ நாற்பது ஆண்டு படகோட்டிக்கும் வழிகாட்டிக்கும் சமையற்காரருக்கும் சோறிடும்.

தமிழ்நாட்டுக் கரையின் நிலை இதனினும் வேறு. இங்கே மாண்டாவைத் தேடிச் சென்று பிடிப்பவர் அரியர். சூரைக்கும் சீலாவுக்கும் விரித்த செவுள்வலையில் அது தானே வந்து சிக்கிக்கொள்கிறது. மாண்டாவால் பின்னோக்கி நீந்த இயலாது. சிக்கியபின் முன்செல்லவும் முடியாமையால் மூச்சு நின்று இறக்கும். உயிரோடு கண்டாலும் அதனை விடுவிக்க வலையை அறுக்க வேண்டும். வலையோ மீனவரின் முதல். பெரும்பாலும் கடன்பட்டு வாங்கியது. கடலிற் செல்லாதவர் கரையிலிருந்து அவர்க்கு அறிவுரை கூறுவது எளிது.

மாண்டாவைப் போலவே மிதவையுயிரை உண்டு, மாண்டாவைப் போலவே வலையிற் சிக்கும் அம்மணி உழுவைக்குக் குசராத்துக் கடற்கரையில் ஒரு வழி கண்டுள்ளனர். வேராவல் முதலிய துறைகளில் ஒரு காலத்தில் அம்மீனை ஈட்டியெறிந்தே கொன்றனர். 2001-ஆம் ஆண்டில் இந்திய அரசு அதனைக் காப்புப் பட்டியலிற் சேர்த்தது. 2004-ஆம் ஆண்டில் அங்கே ஓர் இயக்கம் தொடங்கிற்று. மொராரி பாபு என்ற சமயச் சொற்பொழிவாளர், அம்மீன் பேறுகாலத்திற்குத் தாய்வீடு வரும் மகளைப் போன்றது என்று ஊர்தோறும் எடுத்துரைத்தார். மக்களும் அதற்கு, அன்புக்குரியவள் என்னும் பொருள்பட, வ்ஹாலி என்று பெயரிட்டனர். பெயரோடு நில்லாமல், வலையை அறுத்து மீனை விடுவித்த மீனவர்க்கு மாநில வனத்துறை வலைக்குரிய இழப்பீடு வழங்கத் தொடங்கிற்று. சான்றுக்கு அதிகாரி நேரில் வர வேண்டியதில்லை. மீனவரே படகிலிருந்து எடுத்த ஒளிப்படம் போதும். அன்று ஈட்டி எறிந்த அதே துறைகளின் மீனவர்கள் இதுவரை பல நூறு அம்மணி உழுவைகளை வலையறுத்துக் கடலில் விட்டிருக்கின்றனர்.